ஒட்டாவா வீட்டுக்கு ஒரு கணக்கு

2025 ஜனவரி 3, வெள்ளி

காலை ஆறரைக்கு மகள் கூப்பிட்டாள். ஒட்டாவாவில் அப்போது முந்தின நாள் இரவு எட்டு மணி. நான் வாசலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மார்கழி விடியலில் எங்கள் ஊரான நத்தத்துக்கு அதுவே பெரிய குளிர்.

அவர்கள் வாங்கிய வீடு பழைய வீடு. நிலவறையில் கேஸ் எரித்துச் சூடுகாற்று ஊதும் ஃபர்னஸ் இருக்கிறது. அதற்குப் பதினெட்டு வயது. போன கோடையில் ஏசியும் படுத்துவிட்டது. இரண்டையும் மாற்ற வேண்டும். பார்க்க வந்த ஒருவர், பழையபடியே கேஸ் ஃபர்னஸும் ஏசியும் போடுங்கள், இரண்டும் சேர்ந்து 11,000 டாலர் என்றாராம். இன்னொருவர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹீட் பம்ப் போதும், நாலு டன், 19,000 டாலர் என்றாராம்.

"அப்பா, நீங்கதான ஏசி மெக்கானிக்கு. நீங்களே சொல்லுங்க. ஏசியை வச்சே வீட்டைச் சூடாக்கிற முடியுமா? கரண்ட்ல ஹீட்டர் போட்டா பில்லு கிழிஞ்சிரும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க."

முடியும் என்றேன். சொன்ன பிறகுதான் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்துமூன்று வருடமாக இந்தத் தொழில். நம் ஊரில் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளித்தான் பழக்கம். வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் ஒரு மெஷினை இன்றுவரை நான் கையால் தொட்டதில்லை.

ஜனவரி 4, சனி

கடையில் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டான்.

"மைனஸ் இருபதுல என்னண்ணே சூடு இருக்கும், எடுக்கிறதுக்கு?"

நியாயமான கேள்விதான். ஐ.டி.ஐ.யில் எங்கள் வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்னார்: குளிர் என்று ஒரு பொருள் கிடையாது, வெப்பம் இருக்கிறது, அதை இடம் மாற்றலாம், அவ்வளவுதான். அன்றைக்குப் பரீட்சைக்காகப் படித்தது.

ஆர்-32 சிலிண்டரைக் காட்டினேன். இந்தத் திரவம் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைப் பொறுத்தவரை மைனஸ் 20 காற்று என்பது அடுப்பு. வெளியே இருக்கும் சுருளில் திரவம் கொதித்து ஆவியாகும்போது அந்தக் காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த ஆவியை நெருக்கினால் அது நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டை வீட்டுக்குள் விட்டுவிட்டுத் திரவமாகித் திரும்பிப் போகும். போகிற வழியைத் திருப்பிவிட ஒரு ரிவர்சிங் வால்வு. கோடையில் அதே மெஷின் ஏசி. ஹீட்டர் கரண்டை எரித்து வெப்பம் உண்டாக்குகிறது. இது வெப்பத்தைச் சுமந்து வருகிறது, கரண்ட் சுமைகூலி மட்டும்தான்.

"அப்ப ஒரு யூனிட் கூலிக்கு எத்தனை யூனிட் சொமக்கும்?"

வெளியே எட்டு டிகிரி இருந்தால் மூன்றுக்கு மேல். மைனஸ் 20 போனால் இரண்டுக்கும் கீழே வரும். குளிர் கூடக் கூட ஏற்றம் செங்குத்தாகிறது. அதற்கென்றே இப்போது இன்வெர்ட்டர் கம்ப்ரசரோடு குளிர்நாட்டு மாடல்கள் வருகின்றன.

இரவு படித்ததில் ஒன்று. ஆஸ்திரியாவில் எபென்ஸே என்ற ஊரின் உப்பு ஆலையில், உப்புநீரைக் காய்ச்ச இந்தத் தத்துவத்தில் ஒரு இயந்திரத்தை 1856-லேயே பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் ஓட்டியிருக்கிறார். சூரிச் நகரமன்றத்தில் 1938-லேயே ஹீட் பம்ப் வைத்து ஆற்றுநீரின் வெப்பத்தை எடுத்திருக்கிறார்கள். நார்வேயில் இன்று பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இருக்கிறது. குளிர்நாட்டில் ஓடாது என்று சொல்பவர்கள் நார்வேயைப் பார்க்கட்டும்.

ஜனவரி 6, திங்கள்

போன வருட கேஸ் பில்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார்.

எனக்கு உறுத்தியது அந்த நாலு டன். நம் ஊரிலும் இதே கதைதான். அறையை அளக்காமல், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்காமல், ஒரு டன் போதுமான இடத்தில் இரண்டு டன் மாட்டிவிடுவார்கள். பெரிய மெஷின் ஓடி ஓடி நிற்கும். கரண்டும் தின்னும், கம்ப்ரசரும் சீக்கிரம் போகும்.

வீடு எவ்வளவு வெப்பம் கேட்கிறது என்பதற்குச் சாட்சி அந்த வீட்டின் மீட்டர்தான். போன ஜனவரியில் எரித்தது 380 கனமீட்டர். ஒரு கனமீட்டர் கேஸில் சுமார் பத்தரை யூனிட் வெப்பம். பழைய ஃபர்னஸ் அதில் பத்தில் ஒரு பங்கைப் புகைபோக்கியில் விட்டுவிடும். ஆக மாதத்துக்கு ஏறக்குறைய 3,600 யூனிட். 744 மணி நேரத்துக்கு வகுத்தால் 4.8 கிலோவாட். ஒட்டாவாவின் ஜனவரி சராசரி மைனஸ் 10-ஐ ஒட்டி, வீட்டுக்குள் 20. வித்தியாசம் 30 டிகிரி. மைனஸ் 25 என்று கடுங்குளிர் வந்தால் வித்தியாசம் 45. அப்போது தேவை 7.2 கிலோவாட். எங்கள் கணக்கில் மணிக்குச் சுமார் 24,600 பி.டி.யு.; இரண்டு டன்னுக்குச் சற்று மேல்.

இரண்டரை டன் போதும். ஆனால் மைனஸ் 25-இல் அது எவ்வளவு வெப்பம் தரும் என்று கம்பெனியின் அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் டன் எண்ணிக்கை கடுங்குளிருக்கானது அல்ல. கடுங்குளிரில் அது குறையும். அதையும் தாண்டின ராத்திரிகளுக்குச் சின்னதாக ஒரு கரண்ட் ஹீட்டர் உள்ளேயே இருக்கட்டும்.

மகள் கேட்டாள்: "கேஸ் பில்லைப் பாத்தே இவ்வளவும் சொல்லிட்டீங்களாப்பா?" அந்தக் குரலை இன்னும் ஒருதரம் கேட்கவேண்டும் போலிருந்தது.

ஜனவரி 8, புதன்

இரண்டரை டன்னுக்கு விலை வந்துவிட்டது: 14,000 டாலர். நாலு டன்னைவிட 5,000 குறைவு.

இன்று பணக்கணக்கு. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

வருடத்துக்கு அவர்கள் வீட்டைச் சூடாக்க எரிப்பது 1,900 கனமீட்டர். எல்லாம் சேர்த்து கனமீட்டருக்கு 45 சென்ட், 855 டாலர். அது போக எரித்தாலும் எரிக்காவிட்டாலும் மாதம் 25 டாலர் இணைப்புக் கட்டணம், வருடத்துக்கு 300. ஹீட் பம்ப் என்றால், வீட்டுக்கு வேண்டிய 18,000 யூனிட் வெப்பத்தைக் குளிர்காலம் முழுக்கச் சராசரியாக ஒன்றுக்கு இரண்டரை என்று சுமந்தாலும் 7,200 யூனிட் கரண்ட். அவர்கள் பில்லில் யூனிட் சராசரி 13 சென்ட். 936 டாலர்.

அதாவது கேஸ் இணைப்பை வைத்துக்கொண்டே ஹீட் பம்ப் போட்டால் வருடத்துக்கு 81 டாலர் நஷ்டம். இணைப்பை அறுத்துவிட்டால் 219 டாலர் மிச்சம். இந்த ஒரு முடிவில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. தண்ணீர் சூடாக்க அவர்கள் வீட்டில் ஏற்கெனவே கரண்ட்தான். அடுப்பு மட்டும் கேஸ். அதை மாற்ற முடியுமா என்று யோசிக்கச் சொன்னேன்.

விலையிலும் ஒரு தப்புக் கணக்கு போட்டுவிடக் கூடாது. 14,000-ஐத் தனியாகப் பார்த்தால் பயமாக இருக்கும். ஃபர்னஸும் ஏசியும் எப்படியும் மாற்றியாக வேண்டியவை, அதற்கு 11,000. கூடுதல் செலவு 3,000 மட்டும்தான். வருடத்துக்கு 219 என்றால் அது திரும்பி வர ஏறக்குறைய பதினான்கு வருடம். மெஷினின் ஆயுளே பதினைந்து வருடம் போலத்தான். லாபம் என்று சொல்ல முடியாது. பழைய ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

கனடா அரசு வட்டியில்லாமல் 40,000 டாலர் வரை பத்து வருடக் கடன் தருகிறது. முன்பு 5,000 டாலர் வரை மானியமும் இருந்தது. அதற்கு விண்ணப்பம் வாங்குவதைப் போன வருடமே நிறுத்திவிட்டார்கள். கடனில் போனால் மாதம் 117 டாலர்.

இன்னொன்று. அந்த 45 சென்ட்டில் 15 சென்ட் கரியமில வாயுவுக்கான வரி. அதை எடுத்துவிடுவோம் என்று அங்கே தேர்தல் பேச்சு பலமாக இருக்கிறதாம். எடுத்தால் என் கணக்கு தலைகீழ்.

ஜனவரி 9, வியாழன்

மச்சானின் மாந்தோப்புக்குப் போனேன். செந்தூரத்தில் பூ வந்திருக்கிறது. கல்லாமையில் பாதி மரம் சும்மா நிற்கிறது. "ராத்திரிக் குளிரு நல்லா எறங்குனாத்தான் மாப்ள பூவெடுக்கும்" என்றார். மாவுக்குப் பூக்கக் குளிர் வேண்டும், காய்க்க வெயில் வேண்டும். கரந்தமலைப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். நான் ஒட்டாவாவைச் சூடாக்கும் கணக்கில் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 11, சனி

கொடைக்கானல் போய்வந்தேன். கைகால் இன்னும் விறைப்பாக இருக்கிறது.

திண்டுக்கல்லில் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பினார். அங்கே ஒரு சின்னத் தங்கும் விடுதியில் சுடுதண்ணீருக்கு ஹீட் பம்ப் போட்டிருக்கிறார்கள். ராத்திரியில் நின்றுவிடுகிறது, வந்து பாருங்கள் என்று. வேறு நேரமாக இருந்தால் போயிருக்க மாட்டேன். நேற்று ராத்திரியே கிளம்பி வத்தலக்குண்டு வழியாக ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் தாண்டத் தாண்டப் பையன் ஸ்வெட்டரை எடுத்தான், பிறகு போர்வையை எடுத்தான். 2,100 மீட்டர் உயரம். விடியற்காலை ஏரிப் பக்கத்துப் புல்லில் வெள்ளைப் பூச்சு.

மெஷினை வைத்திருந்த இடத்தைப் பார்த்ததும் நோய் தெரிந்துவிட்டது. இரண்டு சுவருக்கு நடுவே மூன்றடிச் சந்து, மேலே தகரம். மெஷின் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு குளிர்ந்த காற்றைத் துப்புகிறது. அது வெளியேற வழியில்லாமல் சுற்றி வந்து திரும்ப உள்ளே போகிறது. தன் மூச்சையே தான் இழுத்துக்கொண்டிருந்தது. சுருள் முழுக்கப் பனிக்கட்டி.

காய்ந்த காற்றைவிட ஈரக்காற்றுதான் இதற்குப் பெரிய எதிரி என்று இன்று கண்ணால் பார்த்தேன். வெளியே நாலைந்து டிகிரியில் மூடுபனி. சுருளோ உறைநிலைக்குக் கீழே. மூடுபனி அப்படியே ஒட்டிக் கட்டியாகிறது. அதை உருக்க மெஷின் அவ்வப்போது தன் வழியைத் திருப்பி, உள்ளே சேர்த்த வெப்பத்தில் கொஞ்சம் வெளிச் சுருளுக்குச் செலவழிக்கிறது. முதல்முறையாக அந்த வால்வு திரும்பும் சத்தத்தைக் கேட்டேன்; ஒரு பெருமூச்சு மாதிரி. சுருளிலிருந்து ஆவி கிளம்பியதும் பையன் புகை என்று நினைத்து ஸ்விட்சை அணைக்க ஓடினான்.

தகரத்தைக் கழற்றி, மெஷினைத் திறந்த பக்கம் திருப்பி, உருகும் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்தோம். பகல் முழுக்க நிற்காமல் ஓடியது.

முதலாளி கணக்கு வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 600 லிட்டர் சுடுதண்ணீர். முன்பு கீசரில் 24, 25 யூனிட் ஓடுமாம், இப்போது ஒன்பதுக்குள். ஆனால் புகைக் கணக்கை நான் வரும் வழியில் போட்டுப் பார்த்தேன். நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரி. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. கீசரோடு ஒப்பிட்டால் ஒரு நாளைக்குப் பத்து கிலோ மிச்சம், அது பெரிய விஷயம். சிலிண்டர் கேஸில் அதே தண்ணீரைச் சூடாக்கினால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் கேஸ் எரியும், ஆறரை கிலோ கரியமில வாயு வரும். ஹீட் பம்புக்கும் கிட்டத்தட்ட அதே ஆறரைதான். இதே மெஷின் ஒட்டாவாவில் ஒன்று, கொடைக்கானலில் வேறொன்று. மின்சாரம் சுத்தமாகச் சுத்தமாகத்தான் இதுவும் சுத்தமாகும்.

விடுதிக்குப் பின்வீட்டில் ஒரு பாட்டி இரும்புச் சட்டியில் சீகை விறகுக் கங்கு போட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். உட்காருங்க தம்பி என்று எங்களுக்கும் இடம் விட்டார். அறை முழுக்கப் புகை, கண் சிவந்திருந்தது. விடுதிக்காரர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டு வாங்கிய மெஷின் பத்தடி தள்ளித்தான் ஓடுகிறது. ஒரு அறையைச் சூடாக்கும் சின்ன ஹாட் அண்ட் கோல்டு ஏசியை அந்தப் பாட்டியின் வீட்டில் மாட்டலாம். இந்த ஊர்க் குளிர் அந்த மெஷினுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சுவரில் காற்று புகும் இடுக்குகள், கூரைக்கு மேல் தகரம். முதலில் இடுக்கை அடைக்க வேண்டும். அதற்கே யார் பணம் தருவார்கள்?

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கல் பொங்கி முடிந்ததும் மகளுக்கு வீடியோவில் காட்டினோம். அவள் அம்மா அழுதுவிட்டாள். நான் மாடிக்கு வந்து புகைக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

1,900 கனமீட்டர் கேஸ் எரித்தால் வருடத்துக்கு 3.6 டன் கரியமில வாயு. ஒண்டாரியோவில் பாதிக்கு மேல் அணு மின்சாரம், அடுத்தது நீர் மின்சாரம். கடைசி நிலக்கரி நிலையத்தை 2014-இல் மூடிவிட்டார்கள். யூனிட்டுக்கு நூறு கிராமுக்குள்தான் வரும். நூறு என்றே வைத்தாலும் 7,200 யூனிட்டுக்கு 0.72 டன். வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று டன் மிச்சம்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் சந்தோஷமாகப் படுத்திருப்பேன். மெஷினுக்குள் இருக்கும் கேஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த மாடலில் ஆர்-410ஏ மூன்று கிலோ. வெளியே போனால் அது ஒரு கிலோ, 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மூன்று கிலோவும் கசிந்தால் ஆறு டன். ஃபிளேர் நட்டைச் சரியாக இறுக்காத ஒரு மெக்கானிக், அந்த வீடு இரண்டு வருடம் மிச்சம் பிடித்ததை ஒரே சீசனில் இல்லாமல் ஆக்கிவிடுவான்.

பிறகு என் கணக்கு வந்தது. அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பழைய ஏசியைக் கழற்றும்போது நான் கேஸைக் காற்றில்தான் திறந்துவிட்டிருக்கிறேன். உஸ்ஸென்று இரண்டு நிமிடம். எனக்குத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கடைசிப் பதினைந்து வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு நாற்பது மெஷின், ஒன்றுக்கு 700 கிராம்: 420 கிலோ. பெரும்பாலும் ஆர்-22, கிலோவுக்கு 1,810. 760 டன். ஓசோனுக்கும் அது கேடு என்று தெரிந்த பிறகும் விட்டேன். மகள் வீடு வருடத்துக்கு மூன்று டன் மிச்சப்படுத்தினால் இதை ஈடுகட்ட 250 வருடத்துக்கு மேல் ஆகும்.

கீழே கரும்பு வெட்டக் கூப்பிட்டார்கள். போகத் தாமதமாகிவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

மகளிடம் பேசினேன். பணத்தில் இழுபறிதான், லாபம் என்று நம்பி இறங்காதே என்று முதலில் சொன்னேன். புகையில் மூன்று டன் என்றேன். அதுவும் வேலை செய்கிறவன் கையைப் பொறுத்தது என்று சொல்லி, என் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆள்கிட்ட என்னென்ன கேக்கணும், எழுதி அனுப்புங்கப்பா" என்றாள்.

எழுதி அனுப்பினேன். முடிந்தால் ஆர்-410ஏ வேண்டாம். ஆர்-32 அல்லது ஆர்-454பி உள்ள மாடல் இருக்கிறதா என்று கேள். முன்னதற்கு 675, பின்னதற்கு 466. அமெரிக்காவில் இந்த வருடம் முதல் புதிதாகச் செய்யும் வீட்டு ஏசிகளில் 410ஏ கூடாது என்று ஆகிவிட்டது. குழாயை இணைத்ததும் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல். 500 மைக்ரான் வரை வேக்கம் இழுத்து, பம்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்; அளவு ஏறினால் எங்கோ ஓட்டை. வெளி யூனிட்டைப் பனிக்குவியலுக்கு மேலே வரும்படி உயரமான ஸ்டாண்டில் வை; சந்தில் வைக்காதே. பழைய ஏசியின் கேஸை எந்தச் சிலிண்டரில் பிடித்தார் என்று கண்ணால் பார்.

மாப்பிள்ளை கூரையடியிலும் ஜன்னல் இடுக்கிலும் முதலில் வெப்பக் காப்பு போடப்போகிறாராம். நான் சொல்லாமலே. நல்ல மனிதர்.

ஏப்ரல் 2, புதன்

கனடாவில் நேற்று முதல் அந்த வரி இல்லை. வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை திருப்பித் தந்துகொண்டிருந்த தொகையும் இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. மகளுக்குக் குழப்பம். பிப்ரவரியிலேயே ஒப்பந்தம் போட்டாயிற்று, மே மாதம் மாட்ட வருகிறார்கள்.

கணக்கைத் திரும்பப் போட்டேன். கேஸ் 30 சென்ட் என்றால் இணைப்போடு சேர்த்து வருடத்துக்கு 870 டாலர். இணைப்பை அறுத்துவிட்டால் ஹீட் பம்ப் 936. இனி வருடத்துக்கு 66 டாலர் கையைக் கடிக்கும். கூடுதல் விலை 3,000-ஐப் பதினைந்து வருடத்துக்குப் பிரித்துச் சேர்த்தால் 266. மூன்று டன்னுக்கு அது. டன்னுக்கு 90 டாலர் போல.

"வேணாம்னு சொன்னா வேணாம்மா. முன்பணம் போனாப் போகுது" என்றேன்.

"மாசம் இருபத்திரண்டு டாலர்தானப்பா. மாமா தோப்புல பூ எடுக்கட்டும்" என்றாள். அவள் அம்மா, மச்சான் சொன்னதை எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. கடையில் மூச்சுவிட நேரமில்லை. போன வாரம் மதுரையில், கேஸைச் சிலிண்டரில் பிடிக்கும் ஒரு பழைய ரெகவரி மெஷின் பாதி விலைக்குக் கிடைத்தது. இன்று காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு டன் விண்டோ ஏசியில் மாட்டினோம். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. காயலான் கடைக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். சிலிண்டரைத் தராசில் வைத்தோம்: 620 கிராம். பையன் மார்க்கரால் தேதியையும் எடையையும் அதன் கழுத்தில் எழுதினான். அடுத்த வீட்டுக்குப் போக மெஷினையும் சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றினோம்.